ரஷ்ய மொழி கற்க: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ரஷ்ய எழுத்தைப் பார்த்தாலே மலைப்பாக இருக்கிறது. தமிழில் எழுதி வைத்துப் படிக்கலாமா?

வேண்டாம். தமிழில் 'தோம்' என்று ஒன்றுபோல எழுத வேண்டிய இரண்டு சொற்கள் அங்கே உண்டு. 'பந்து' என்பதில் வரும் த-வோடு சொன்னால் வீடு. 'பத்து' என்பதில் வரும் த-வோடு சொன்னால் நூலின் தொகுதி. நம் எழுத்து இதைப் பிரித்துக் காட்டாது. மொத்தம் 33 எழுத்துகள்தான். இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கேள்வி: எத்தனை மாதத்தில் பேசலாம்?

நாள்தோறும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால், கடையில் பேசிச் சமாளிக்க ஓராண்டு.

கேள்வி: தமிழில் எட்டு வேற்றுமை, ரஷ்யனில் ஆறு. நமக்கு எளிதுதானே?

பாதி உண்மை. 'நான் மாணவன்' என்பதற்கு நம்மைப் போலவே அவர்களுக்கும் இரண்டு சொற்கள் போதும். ஆனால் நம் 'ஐ' உருபு மரத்தை, தம்பியை, பெண்களை என எங்கும் ஒன்றே. ரஷ்யனில் பாலும் எண்ணும் பார்த்து ஈறு மாறும்; முன்னால் நிற்கும் பெயரடையும் சேர்ந்து மாறும்.

ஓர் இடத்தில் மட்டும் தமிழ் கைகொடுக்கிறது. 'படம் பார்த்தேன்' என்கிறோம். 'தம்பி பார்த்தேன்' என்பதில்லை, 'தம்பியை' என்றே ஆக வேண்டும். ரஷ்யனிலும் 'ஸ்தோல்' (மேசை) இரண்டாம் வேற்றுமையில் மாறாமல் நிற்கும். 'ப்ராத்' (சகோதரன்) 'ப்ராதா' ஆகிவிடும். இதைச் சொன்னதும் என் மாணவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

கேள்வி: அப்படியானால் அது உயர்திணை, அஃறிணைதானே?

அல்ல. நமக்குப் பூனை அஃறிணை. அவர்களுக்கு அதுவும் 'ப்ராத்' கூட்டம்தான். உயிர் உண்டா இல்லையா என்பதே அங்கே கணக்கு.

கேள்வி: ஆனால் பொம்மையையும் உயிருள்ளதாக வைத்திருக்கிறார்களே. இது இலக்கணப் பிழை இல்லையா?

பிழையே இல்லை. 'கூக்லா' (பொம்மை) பன்மையில் உயிருள்ள சொல்லைப் போலத்தான் மாறும். 'த்ரூப்' (பிணம்) உயிரற்றது. 'இறந்தவன்' என்ற பொருளுள்ள சொல்லோ உயிருள்ளது! நாம் மட்டும் என்ன, 'குழந்தை அழுகிறது' என்று சொல்லவில்லையா? சொல்லின் திணையை வழக்கு தீர்மானிக்கிறது. உயிரியல் நூல் தீர்மானிப்பதில்லை.

கேள்வி: மருத்துவம் படிக்க ரஷ்யா போகிறேன். விசா எப்படி?

என் துறை அல்ல. தூதரகத்தைக் கேளுங்கள்.

கேள்வி: உக்ரேனிய மொழியும் இதுவும் ஒன்றா?

இல்லை. இரண்டும் கிழக்கு ஸ்லாவிய மொழிகள், ஆனால் தனித்தனி மொழிகள்.

கேள்வி: எதை வைத்துப் படிப்பது?

ஆங்கிலம் வாசிப்பவர்களுக்கு நிக்கலஸ் பிரவுன் எழுதிய 'நியூ பெங்குவின் ரஷ்யன் கோர்ஸ்' நல்ல தொடக்கம். சென்னையில் இருப்பவர்கள் கஸ்தூரி ரங்கா சாலையிலுள்ள ரஷ்யப் பண்பாட்டு மையத்தில் வகுப்பு பற்றி விசாரியுங்கள். சொல்லைச் சரிபார்க்க விக்சனரி போதும். அழுத்தக் குறியோடு வேற்றுமை அட்டவணையும் தருகிறது.

அந்த அழுத்தக் குறியை நோட்டில் ஒவ்வொரு சொல்லின் மேலும் போடுங்கள். செய்தித்தாளில் அது அச்சாவதில்லை. ஒரே எழுத்துக்கூட்டல்தான்: முதல் அசையை அழுத்தினால் 'ஸாமக்', கோட்டை, இரண்டாவதை அழுத்தினால் 'ஸமோக்', பூட்டு.

கேள்வி: அந்த இரண்டையும் தமிழில் எழுதி வைத்துக்கொள்ளலாமா?

முதல் பதிலை இன்னொரு முறை படியுங்கள். ரஷ்ய எழுத்திலேயே எழுதுங்கள், குறியோடு.