வெள்ளிக்கிழமை கோழிக்குழம்பு கேட்டது தப்பா?

அம்மாவுக்கு வணக்கம்.

அறந்தாங்கி பக்கம் ஒரு கிராமம் எனக்கு. வயது 49. 2003-இல் ஏசி மெக்கானிக்காக மஸ்கட் போனேன். 2024 கடைசியில் கணக்கை முடித்துக்கொண்டு ஒரேயடியாக வந்துவிட்டேன். இடையில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. மகனுக்கு 19, காலேஜ் படிக்கிறான்.

அங்கே ரூமில் எட்டுப் பேர். வெள்ளிக்கிழமைதான் லீவு. அன்றைக்குச் சமையல் என் முறை, கோழிக்குழம்பு. சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குப் பேசுவேன். முதலில் காலிங் கார்டு, அப்புறம் ஐமோ. எல்லோரும் போனைச் சுற்றி உட்கார்ந்துகொள்வார்கள், ஒரு மணி நேரம் போவதே தெரியாது. ஊருக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, பழக்கதோஷத்தில் கோழி எடுக்கட்டுமா என்று கேட்டுவிட்டேன். வீடு கழுவிக்கொண்டிருந்த மனைவி, "வெள்ளிக்கிழமை கவுச்சியா? என்ன ஆச்சு உங்களுக்கு?" என்றாள். மகன் சிரித்தான். சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைக்குப் பூராவும் நான் யாரிடமும் பேசவில்லை.

வரவு செலவு, பேங்க், சீட்டு எல்லாம் அவள் கையில். ஒருநாள் கணக்கு கேட்டேன். நோட்டைத் தூக்கி என் முன்னால் போட்டாள். "இருபத்தோரு வருசம் கேக்காத கணக்கு இப்ப எதுக்கு?"

ஆனி மாதம் எங்கள் அய்யனாருக்குப் புரவி எடுப்பு, மண்குதிரைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயிலுக்குப் போகிற திருவிழா. அதற்குக் குடும்பத்துக்கு இவ்வளவு என்று போடுகிற தலைக்கட்டு வரியை நான் ஒரு தடவைகூட பாக்கி வைத்ததில்லை. ஆனால் லீவு திருவிழாவோடு ஒத்துவந்ததே இல்லை. குதிரை செய்ய வேளாரிடம் பிடிமண் கொடுக்கிற அன்று கூட்டத்தில், கண்மாய்க்கரை வழியாகத்தான் புரவி போக வேண்டும், அதுதான் முறை என்று சொன்னேன். பங்காளி மகன் ஒருவன், "சித்தப்பா, அந்தப் பக்கம் பூரா கருவை மண்டிப் போச்சு. இப்ப தார் ரோடுதான். நீங்க சேர் போட்டு உக்காருங்க" என்றான். திருவிழா அன்று புரவி தூக்கியவர்களில் என் மகனும் ஒருவன். நான் சேரில் இருந்து பார்த்தேன்.

இப்போது தினமும் மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடுகிறது. திரும்ப விசா எடுத்துப் போய்விடலாமா என்றிருக்கிறது.

– பெயர் வேண்டாம்

அன்புள்ள சகோதரருக்கு,

கோழி கேட்டது தப்பில்லை. உங்கள் உடம்புக்கு வெள்ளிக்கிழமை இன்னும் மஸ்கட்டில்தான் விடிகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 21 வருடத்தில் லீவு எல்லாம் சேர்த்தால் நீங்கள் வீட்டில் இருந்தது ஏறக்குறைய 20 மாதம். உங்கள் மகனுக்கு அப்பா என்றால் வெள்ளிக்கிழமைக் குரல். இல்லையென்றால் பெட்டியோடு வந்து இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகிறவர். போகாத அப்பா அவனுக்குப் புது ஆள். எப்படிப் பழகுவது என்று அவனுக்கும் தெரியாது.

இது உங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை. ஜான், ஜீன் கல்லஹார்ன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1963-இலேயே இதை எழுதினார்கள். வெளிநாடு போனவருக்கு அங்கே மனசில் ஒரு சரிவு வரும், பிறகு பழகிப்போகும். ஊர் திரும்பினால் அதே சரிவு இன்னொரு முறை வரும். போகும்போது கஷ்டம் இருக்கும் என்று தெரிந்துதான் போனீர்கள். திரும்பும்போது யார் அதை எதிர்பார்க்கிறார்கள்?

நோட்டு விஷயத்தில் எனக்கு உங்கள் மேல்தான் வருத்தம். உங்களுக்கு அது கணக்கு. அவருக்கு அது 21 வருட வாழ்க்கை. பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த ராத்திரிகளை அந்த நோட்டில் எழுதியிருக்க மாட்டார். "எவ்வளவு செலவாச்சு" என்று கேட்ட இடத்தில் "எப்படிச் சமாளிச்சே" என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, நடுவில் பேசாமல் இருங்கள். அதுதான் கஷ்டம்.

கோயிலுக்கு வருவோம். நீங்கள் கொடுத்த வரி பொய்யில்லை. ஆனால் மஸ்கட்டில் நீங்கள் மனசுக்குள் பத்திரமாக வைத்திருந்தது 2003-ஆம் வருடத்து ஊர். இங்கே இருந்தவர்கள் கருவை வளர வளர வழியை மாற்றிக்கொண்டார்கள். அவர்களுக்கு இப்போது தார் ரோடுதான் முறை. சேரைப் பற்றி மட்டும் எனக்குத் தெளிவில்லை. நம் ஊரில் சேர் போடுவது மரியாதைக்காகவும் இருக்கும், ஓரங்கட்டவும் இருக்கும். கடிதத்தை இரண்டு தடவை படித்தும் எது என்று பிடிபடவில்லை. அந்தப் பையனையே கூப்பிட்டு, அடுத்த புரவிக்கு எனக்கு என்ன வேலை தருவாய் என்று கேளுங்கள். மகனிடமும், தோளில் குதிரை எவ்வளவு கனம் இருந்தது என்று கேட்கலாம். கேட்டிருக்க மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

விசா முடிவை இந்தத் தூக்கமில்லாத கண்ணோடு எடுக்காதீர்கள், ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். மூன்று மணி விழிப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், கூடவே சாப்பாடு பிடிக்கவில்லை, எதிலும் மனம் ஒட்டவில்லை என்றால், மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்ந்து என்ன என்ற நினைப்பு ஒரு தடவை வந்தாலும் உடனே 14416-க்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை, காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம். ஏசியில் சத்தம் கேட்டால் கம்ப்ரசர் போகிற வரை காத்திருப்பீர்களா என்ன?

அப்புறம், அந்தக் கோழிக்குழம்பு. இருபது வருடத்துக்கு மேல் எட்டுப் பேருக்குப் பொங்கிப் போட்ட கை உங்களுடையது. வீட்டில் ஒருவரும் அதை ருசி பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை அடுப்படியைக் கேட்டு வாங்குங்கள். மிளகாய்த்தூள் டப்பா எங்கே இருக்கிறது என்பதை மட்டும் மனைவியிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெந்த பிறகு, சாப்பிட உட்காரும்போது, போனில் பேசிய மாதிரி ஒரு மணி நேரம் பேசுங்கள்.