லிங்கன் படமும் நண்பன் வீட்டுப் பத்திரமும்

கேள்வி: அம்மா, எனக்கு 34 வயது. தென்காசி மாவட்டத்தில் வக்கீலாக இருக்கிறேன். கல்லூரி நாளிலிருந்தே அரசியல் ஆசை. என் ஆபீஸில் ஆபிரகாம் லிங்கன் படமும், அவர் எத்தனை முறை தோற்று ஜனாதிபதி ஆனார் என்ற பட்டியலும் மாட்டியிருக்கிறேன். அவரும் வக்கீல், மாநில சட்டமன்றத்தில் தொடங்கியவர். பிராக்டிஸை விட்டுவிட்டு முழுநேரமும் கட்சி வேலையில் இறங்கி, அடுத்த சட்டமன்றத் தேர்தலுக்கு சீட் கேட்கலாம் என்று இருக்கிறேன். மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. முன்பு நண்பனோடு சேர்ந்து ஹார்டுவேர் கடை போட்டு நஷ்டப்பட்டேன். நான் பணம் போட்ட பார்ட்னர் மட்டும்தான். போன வருடம் நண்பன் மாரடைப்பில் இறந்துவிட்டான். கடை பேரில் வாங்கிய கடனுக்கு அவன் வீட்டுப் பத்திரத்தைத்தான் வைத்திருந்தோம். அதனால் பேங்க்காரர்கள் அவன் மனைவியைத்தான் பார்க்கிறார்கள், எனக்கு அந்தத் தொல்லை இல்லை. "கடை நடத்தத் தெரியாதவர் கட்சி நடத்தப் போகிறாரா?" என்று என் மனைவி கேலி செய்கிறாள். லிங்கன் மனைவியும் இப்படித்தான் இருந்திருப்பாரோ? இவளுக்கு எப்படிப் புரியவைப்பது?
– பெயர் வேண்டாம்

பதில்: தம்பி, அரசியல் ஆசை பிடித்த வக்கீல்களிடமிருந்து எனக்கு நிறைய கடிதம் வருகிறது. முக்கால்வாசிப் பேர் வீட்டுச் சுவரில் லிங்கன் இருக்கிறார். தைரியமாக இறங்குங்கள், மனைவி போகப்போகப் புரிந்துகொள்வார் என்று நான் எழுத வேண்டும் என்பதுதான் எல்லோருக்கும் எதிர்பார்ப்பு. உங்களுக்கு அப்படி எழுத மாட்டேன். சீட் கிடைக்குமா, மனைவி சம்மதிப்பாரா என்பதெல்லாம் பிறகு. உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரியில் என் கண் நின்றுவிட்டது. "எனக்கு அந்தத் தொல்லை இல்லை."

எந்தத் தொல்லை? கடை இரண்டு பேருடையது. கடன் இரண்டு பேருடையது. வீடு மட்டும் அவருடையது. லாபம் வந்திருந்தால் பாதி உங்கள் கைக்கு வந்திருக்கும். நஷ்டம் வந்தது, ஆள் போய்விட்டார், இப்போது நோட்டீஸ் மட்டும் தாலி அறுத்தவள் வீட்டு வாசலுக்குப் போகிறது. இதை நீங்கள் தொல்லை இல்லாத விஷயமாக, அதுவும் மனைவி செய்யும் கேலிக்கு முன்கதையாக எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

நான் வக்கீல் இல்லை. ஆனால் 1932ஆம் வருடத்துக் கூட்டு வணிகச் சட்டத்தின் 25ஆம் பிரிவு எனக்கே தெரியும். கடையின் கடனுக்கு ஒவ்வொரு பங்காளியும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாகவும் பொறுப்பு. பணம் மட்டும் போட்டவர், கல்லாவில் உட்கார்ந்தவர் என்ற பேதமெல்லாம் கடன் கொடுத்தவனுக்குக் கிடையாது. அந்தப் பெண் ஒரு வக்கீலைப் பார்த்துக் கேட்டால் உங்கள் பங்கை உங்களிடம் வாங்க வழி இருக்கிறது. பாவம், அவருக்குத் தெரிந்த ஒரே வக்கீல் நீங்களாகத்தான் இருப்பீர்கள்.

சரி, லிங்கனுக்கு வருவோம். நீங்கள்தானே அவரைக் கூப்பிட்டீர்கள்.

உங்கள் ஆபீஸில் தொங்கும் பட்டியலை நானும் எத்தனையோ சுவரில் பார்த்திருக்கிறேன். 1832 தேர்தலில் தோற்றார், வியாபாரத்தில் தோற்றார், 1858இல் செனட்டுக்குத் தோற்றார், 1860இல் ஜனாதிபதி. அதை எழுதியவர் அவருடைய மாநிலமான இல்லினாயின் சட்டமன்றத்துக்கு அவர் 1834, 1836, 1838, 1840 என்று வரிசையாக நான்கு முறை ஜெயித்ததைச் சொல்வதில்லை. சொன்னால் கதை சப்பென்று ஆகிவிடும். அது போகட்டும். 'வியாபாரத்தில் தோற்றார்' என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குள் என்ன இருக்கிறது என்று தினமும் அந்தப் படத்தின் கீழே உட்காரும் நீங்கள் ஒரு நாளாவது தேடிப் பார்த்தீர்களா?

நியூ சேலம் என்ற சின்ன ஊர். லிங்கனுக்கு இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. வில்லியம் பெரி என்ற நண்பரோடு கூட்டாக ஒரு பலசரக்குக் கடை. கையில் காசு இல்லை, எல்லாம் புரோநோட்டில் வாங்கியது. கடை ஓடவில்லை. ட்ரென்ட் என்ற சகோதரர்களுக்குக் கடையைக் கடனுக்கே கைமாற்றினார்கள். அவர்கள் தவணை வரும் முன்பே ஊரைவிட்டுப் போய்விட்டார்கள். 1835 ஜனவரியில் பெரி இறந்துபோனார். நின்ற கடன் சுமார் 1,100 டாலர். லிங்கன் அப்புறம் வக்கீலான காலத்தில் சாதாரண வழக்குக்கு அவர் வாங்கிய பீஸ் ஐந்து டாலர், பத்து டாலர்தான். அதை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்தக் கடனுக்கு அவரே வைத்த கிண்டல் பெயர் 'தேசியக் கடன்'.

உங்கள் கதைதான், இல்லையா? கூட்டுக் கடை, நஷ்டம், பார்ட்னர் சாவு. ஆனால் பெரியின் பங்கைப் பெரியின் வீட்டார் பார்த்துக்கொள்ளட்டும் என்று அவர் ஒதுங்கவில்லை. முழுக் கடனையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டார். சட்டமும் அதைத்தான் சொல்லியது, மறுக்கவில்லை. ஆனால் அது எல்லைப்புற மாநிலம். கடன்பட்டவன் மூட்டையைக் கட்டிக்கொண்டு மேற்கே போய்விட்டால் தேடிவர நாதி இல்லை. ட்ரென்ட் சகோதரர்கள் போனது அப்படித்தான். லிங்கன் அதே ஊரில், எல்லோர் கண்ணிலும் படும்படி தபால் வேலையும் நில அளவையும் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பெருமையாகவா இருந்தார்? கேளுங்கள். கடன் கொடுத்த ஒருவர் கோர்ட்டுக்குப் போய்த் தீர்ப்பு வாங்கி, அவருடைய குதிரை, சேணம், அளவைக் கருவிகள் எல்லாவற்றையும் ஏலத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். குதிரையும் கருவியும் போனால் சர்வேயருக்குப் பிழைப்பு ஏது? மனிதர் நொந்துபோய், எல்லாம் போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டார். அவர் பாதி நாள் தங்கியிருந்தது ஜேம்ஸ் ஷார்ட் என்ற விவசாயி வீட்டில். இந்த ஷார்ட் ஏலத்தன்று போய் 120 டாலருக்கு எல்லாவற்றையும் எடுத்து, அங்கேயே லிங்கனிடம் திருப்பிக் கொடுத்தார். ஸ்பிரிங்பீல்டுக்குக் குடிபோன பிறகு லிங்கன் அந்தப் பணத்தை அடைத்தார். அந்த 120 டாலரும் கடனோடு சேர்ந்த கடன்தான் என்பதை அவர் மறக்கவில்லை.

முழுக் கடனும் தீரப் பல வருடம் ஆயிற்று. 1848இல் வாஷிங்டனில் காங்கிரஸ் (அது அவர்கள் நாடாளுமன்றத்தின் பெயர்) உறுப்பினராக இருந்தபோதும் சம்பளத்தில் மிச்சம்பிடித்துக் கடனுக்கு அனுப்பியதாக அவருடைய கூட்டாளி வக்கீல் ஹெர்ண்டன் சொல்லியிருக்கிறார். நான்கு முறை எம்.எல்.ஏ., ஊரில் பேர் பெற்ற வக்கீல், அப்புறம் காங்கிரஸ் உறுப்பினர். அத்தனைக்குப் பிறகும் ஒரு மூடிப்போன பலசரக்குக் கடையின் பாக்கியைக் கட்டிக்கொண்டிருந்தார்.

கடன் இருப்பவன் தேர்தலில் நிற்கக் கூடாது என்று நான் சொல்வதாக நினைக்காதீர்கள். 1834இல் ஜெயித்ததும், தலைநகரான வண்டேலியாவுக்குப் போட்டுப்போக நல்ல துணியே அவரிடம் இல்லை. ஸ்மூட் என்ற விவசாயியிடம் 200 டாலர் கடன் வாங்கி, கோட் தைத்துக்கொண்டுதான் சட்டமன்றத்துக்குப் போனார். கடனோடு நின்றார், கடனோடு ஜெயித்தார். ஆனால் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பது ஊருக்கே தெரியும். உங்கள் கடன் ஊருக்குத் தெரியுமா? கட்சி மாவட்டச் செயலாளருக்குத் தெரியுமா?

சட்டமன்ற உறுப்பினர் லிங்கனை நான் தூக்கிவைத்துப் பேசமாட்டேன். 1837இல் கால்வாய், ரயில் பாதை என்று ஒரு கோடி டாலர் திட்டத்துக்கு உற்சாகமாகக் கை தூக்கினவர்களில் அவரும் ஒருவர். அந்த வருடமே நாட்டில் பொருளாதாரம் படுத்துக்கொள்ள, மாநிலம் திவால் நிலைக்கு வந்தது. 1840இல், கோரம், அதாவது சபை நடக்கத் தேவையான உறுப்பினர் எண்ணிக்கை, சேராமல் தடுக்க ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினார். அவர் குதிப்பதற்கு முன்பே கோரம் கணக்காகிவிட்டது, பத்திரிகைகள் சிரித்தன. அதே மனிதர்தான் 1837 மார்ச்சில், அடிமை முறை அநீதி என்று சபைக் குறிப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கூடக் கையெழுத்துப் போட்டது டான் ஸ்டோன் என்ற ஒரே ஒருவர். அந்தக் கையெழுத்துக்கு நான் மரியாதை தருகிறேன், ஜன்னலுக்கு இல்லை.

அப்புறம், முழுநேர அரசியல் என்கிறீர்கள். அவர் எம்.எல்.ஏ.வாக இருந்துகொண்டே சர்வே பார்த்தார், சட்டம் படித்தார். 1836இல் வக்கீல் உரிமம் வாங்கினார். அதிலிருந்து ஜனாதிபதி ஆகும்வரை, காங்கிரஸில் இருந்த காலத்தைத் தள்ளினால், பிராக்டிஸை விடவே இல்லை. நீதிபதியோடும் மற்ற வக்கீல்களோடும் குதிரையிலும் வண்டியிலும் ஊர் ஊராகப் போய் வழக்கு நடத்தினார். பிராக்டிஸை விடுவதற்கு லிங்கனைச் சாட்சிக்குக் கூப்பிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் உங்களைக் கிழித்துவிடுவார்.

1832 தோல்வியைப் பற்றியும் ஒன்று. மொத்தத்தில் தோற்றார், சரி. ஆனால் அவரை நேரில் தெரிந்த நியூ சேலத்தில் விழுந்த 300 ஓட்டில் 277 அவருக்கு. வெளியூர்க்காரர்களுக்குத்தான் ஆளைத் தெரியவில்லை. உங்கள் தெருவில் அந்தக் கணக்கு எப்படி வரும் தம்பி? அந்தப் பெண், அவர் மாமியார், கடனுக்குச் சரக்குக் கொடுத்த மொத்த வியாபாரி, பத்திரம் எழுதிய ஆள் எல்லோரும் அந்த ஊர் ஓட்டாளர்கள்தான்.

இறந்த நண்பனின் மனைவி என்றதும் எனக்கு ஹன்னா ஆர்ம்ஸ்ட்ராங் ஞாபகம் வருகிறார். நியூ சேலத்தில் லிங்கன் கஷ்டப்பட்ட நாளில் சோளரொட்டியும் பாலும் கொடுத்த வீடு அது. முள்ளில் நடந்து சர்வே செய்கிறவனுக்குத் துணி கிழியாமல் இருக்க, அவர் கால்சட்டையின் மேல் மான் தோலை வைத்துத் தைத்துக் கொடுத்தவர் ஹன்னா. லிங்கன் அந்த வீட்டுத் தொட்டிலை ஆட்டியிருக்கிறார். வருடங்கள் ஓடின. கணவர் ஜாக் இறந்துவிட்டார், மகன் டஃப் மேல் கொலை வழக்கு. 1858 மே மாதம், பியர்ட்ஸ்டவுன் கோர்ட். செனட் தேர்தல் வேலை தலைக்கு மேல் இருந்த வருடம் அது. லிங்கன் போய் நின்றார். நிலா வெளிச்சத்தில், 150 அடி தூரத்திலிருந்து பார்த்தேன் என்றார் சாட்சி. பேசவிட்டு, பேசவிட்டு, கடைசியில் ஒரு பஞ்சாங்கத்தை எடுத்து நீட்டினார் லிங்கன். அந்த நேரத்துக்கு நிலா அடிவானத்தில் மறையப் போய்க்கொண்டிருந்தது. டஃப் விடுதலை. அந்த அம்மாவிடம் ஒரு சென்ட் வாங்கவில்லை.

நீங்களும் வக்கீல். உங்கள் நண்பரின் மனைவிக்கு பேங்க் நோட்டீஸ் வந்தபோது நீங்கள் என்ன எடுத்து நீட்டினீர்கள்?

லிங்கனை எல்லாவற்றிலும் பின்பற்றாதீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா சாகக் கிடந்தார் என்று 1851 ஜனவரியில் கடிதம் வந்தும் அவர் போகவில்லை. பார்த்தால் சந்தோஷத்தைவிட வேதனைதான் அதிகம் இருக்கும் என்று எழுதி அனுப்பினார். அடக்கத்துக்கும் போகவில்லை. மனைவி உடம்பு சரியில்லை என்ற காரணம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது, ஆனாலும் எனக்கு அது ஒட்டவில்லை. பெற்றவனிடம் மனத்தாங்கல் ஆயிரம் இருக்கலாம், கொள்ளி வைக்கும் நேரத்தில் கணக்குப் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற பழைய ஆள் நான்.

மனைவி விஷயம்: மேரி லிங்கனுக்கு அரசியல் ஆசை கணவரைவிட அதிகம். ஆக, அந்த ஒப்பீடும் உங்களுக்கு உதவாது. உங்கள் மனைவி கேட்டது கேலி என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது நியாயமான கேள்வியாகத்தான் படுகிறது.

இப்போது செய்ய வேண்டியது. நண்பரின் மனைவி உங்களுக்குத் தங்கை முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கை வீட்டுக்குப் போவது போல மனைவியைக் கூட்டிக்கொண்டு போங்கள். வந்த நோட்டீஸ் எல்லாவற்றையும் வாங்கி, தேதிவாரியாக அடுக்குங்கள். பேங்க் மேனேஜரிடம் நீங்களே போய், நான் இந்தக் கடையின் பார்ட்னர், இனி என்னிடம் பேசுங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். ஒரே தடவையில் முடிக்கும் செட்டில்மென்ட் பேச முடியுமா என்று கேளுங்கள். வழக்குக் கொடுத்தவர்களுக்காக தினமும் பேரம் பேசுகிற வாய் உங்களுக்கு இருக்கிறது. பாதிதானே என் பங்கு என்று அங்கே வாயைத் திறக்காதீர்கள். மீதிப் பாதிக்கு அந்தப் பெண்ணிடம் வருமானம் இருக்கிறதா என்று உங்களுக்குத்தான் தெரியும். மாதம் இவ்வளவு கட்டுவேன் என்று ஒரு தொகை சொல்ல வேண்டியிருக்கும். அதற்கு பிராக்டிஸ் வேண்டும். அதனால் ஆபீஸைப் பூட்டுகிற பேச்சு இப்போதைக்கு வேண்டாம். சாயங்காலம் கட்சி வேலை பாருங்கள், யார் தடுத்தது?

இதையெல்லாம் தொடங்கும் முன் ஒரு காரியம். பத்திரம் யார் வீட்டுடையது, நோட்டீஸ் யாருக்குப் போகிறது என்பது உங்கள் மனைவிக்குத் தெரியாது என்று நான் ஊகிக்கிறேன். தெரிந்திருந்தால் அவர் வெறும் கேலியோடு நிறுத்தியிருக்க மாட்டார். இன்று ராத்திரியே உட்கார்ந்து அதை முழுதாகச் சொல்லிவிடுங்கள். சீட் விஷயத்தை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.