முட்டம் பாறையில் தூண்டில்: ஈயத்துக்கு முன்னால் அலைக் கணக்கு

கேள்வி: வேளச்சேரியில் இருந்து மூன்று நண்பர்கள். மூன்று வருடமாக நீலாங்கரை, கொட்டிவாக்கம் மணலில் தூண்டில் போடுகிறோம்; கிழங்கானும் கெளுத்தியும்தான் கிடைக்கிறது. ஜனவரி கடைசி வார இறுதியில் குமரி மாவட்டம் முட்டம் பாறைகளுக்குப் போய்க் கலவா, பாறை மீன் (டிரெவலி) பிடிக்க ஆசை. என்ன ராட், என்ன இரை, தூண்டிலை மூழ்கவைக்க எவ்வளவு ஈயம் கொண்டுபோக வேண்டும்?

பதில்: ஈயத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறோம். மணலில் மூன்று வருடம் நின்றவருக்குப் பாறையில் முதலில் மறக்க வேண்டிய பழக்கம் ஒன்று உண்டு. மணலில் அலை உங்களிடம் வருவதற்குள் உடைந்து, தேய்ந்து, கணுக்காலை நனைத்துவிட்டுப் போய்விடும். பாறையில் அது உடையும் இடமே நீங்கள் நிற்கும் இடம்.

நீங்கள் தேர்ந்த மாதம் சரி. முட்டம் அரபிக்கடல் பக்கம் பார்த்த கரை. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில், அதாவது கச்சான் காலத்தில், அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஜனவரியில் காற்று பெரும்பாலும் நிலத்திலிருந்து கடல் பக்கம் வீசும். நீர் ஓரளவு படிந்திருக்கும். மார்ச் முதல் மே வரை வெயில் இனிமையாக அடித்துக்கொண்டிருக்கும்போதே வருவது கள்ளக்கடல். பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே எழுந்த புயலின் அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறும். 2024 மே 6 அன்று இதே மாவட்டத்தின் லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் இறந்தது அப்படித்தான். அலை எச்சரிக்கை முன்பே வந்திருந்தது.

எனவே வியாழன் இரவே ஒரு முடிவு எடுங்கள். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் கடற்கரை வாரியாக அலை முன்னறிவிப்பும் எச்சரிக்கையும் வெளியிடுகிறது. அதில் எல்லோரும் அலை உயரத்தை மட்டும் பார்ப்பார்கள். பக்கத்தில் நொடிக்கணக்கில் இருக்கும் அலை இடைவெளியையும் பாருங்கள். ஆழ்கடலில் 8 நொடி அலையின் நீளம் சுமார் 100 மீட்டர். 16 நொடி அலைக்கு அது 400 மீட்டர். உயரம் ஒன்றாகவே இருந்தாலும், நீண்ட அலை பின்னால் தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் பல மடங்கு. பாறையில் அது ஏறும் உயரமும் அதிகம். முதல் தடவை போகிறவர்களுக்கு எங்கள் அளவுகோல் இது: உயரம் 1 மீட்டருக்குள், இடைவெளி 14 நொடிக்குள் என்றால் போகலாம். உயரம் 1.5 மீட்டரையோ இடைவெளி 16 நொடியையோ தாண்டினால் டிக்கெட்டை ரத்து செய்யுங்கள், அல்லது போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வாருங்கள். நடுவில் இருந்தால் உயரமான பாறை மட்டும்.

முன்னறிவிப்பில் வரும் உயரம் சராசரி மாதிரியான ஒரு எண்தான்; எல்லா அலைகளிலும் மிகப் பெரிய மூன்றில் ஒரு பங்கை மட்டும் எடுத்துச் சராசரி போட்டது. ஆயிரம் அலையில் ஒன்று அதைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வரும். 12 நொடிக்கு ஒன்று என்றால் நிமிடத்துக்கு ஐந்து. நான்கு மணி நேரத்தில் 1200. ஆக, காலை முழுவதும் ஒரே பாறையில் நின்றால் அந்த இரட்டை மடங்கு அலையை ஒரு முறையாவது சந்திப்பீர்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். யாரோ சாபம் விட்டு வருவதில்லை அது, கணக்குப்படி வருவது. பாறைக்குப் போனதும் பையைப் பிரிக்காமல் 20 நிமிடம் உட்கார்ந்து அலையைப் பாருங்கள் என்பதற்குக் காரணம் இதுதான்: 20 நிமிடத்தில் நூறு அலை. அந்த நூறில் பெரியது எவ்வளவு உயரம் ஏறியது என்று பார்த்து, அதற்கும் மேலே இன்னொரு ஆள் உயரம் விட்டு இடம் பிடியுங்கள்.

பாறையும் தன் பங்குக்குச் சொல்லும். கீழே கறுப்பாக, வழவழவென்று பாசி. அதற்கு மேல், கல்லில் ஒட்டி வாழும் கூரிய ஓட்டுப் பிராணியான கொட்டலசின் பட்டை; காலைக் கிழிக்கும். அதற்கு மேல் வெளிறிய கல். வெளிறிய கல்லிலும் அவசரப்பட வேண்டாம். அங்கே குழிகளில் தண்ணீர் தேங்கியிருக்கும். விரலை நனைத்து நாக்கில் வையுங்கள். மழைத்தண்ணீர் என்றால் சப்பென்று இருக்கும். உப்புக் கரித்தாலோ, குழியின் ஓரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தாலோ, கடல் அண்மையில் அங்கே வந்து போயிருக்கிறது. இன்னும் மேலே ஏறுங்கள்.

ஊருக்குப் போகும் வழி: சென்னையில் வெள்ளி மாலை ரயில் ஏறினால் சனி காலை நாகர்கோவில். அங்கிருந்து முட்டம் சுமார் 15 கிலோமீட்டர். ஆட்டோக்காரரிடம் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள். சின்னமுட்டம் என்பது கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கிழக்குக் கரையில் இருக்கும் வேறு துறைமுகம். ஒன்பது அடி ராட் இரண்டு துண்டு என்றால் ஒவ்வொன்றும் நாலரை அடி. ஐந்தடி பிவிசி குழாயில் போட்டு இரு பக்கமும் மூடி அடித்து, கீழ் பெர்த்துக்கு அடியில் தள்ளிவிடலாம்.

சனிக்கிழமையை வீணாக்காதீர்கள். அந்தக் கரையின் மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். ஞாயிறு அன்று பெரும்பாலான வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. ஞாயிறு காலை இரை வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்துப் போகும் சென்னைக்காரர், திருப்பலி மணி கேட்டபடி வெறும் முள்ளோடு நிற்பார். சனி காலை கரை சேரும் வள்ளத்திலேயே இரண்டு நாளைக்கும் வாங்கிவிடுங்கள்: ஒரு கிலோ சாளை (நம்மூர் மத்தி), அரைக்கிலோ கணவாய். இரை கேட்கும்போதே எந்தப் பாறையில் நிற்கலாம், எங்கே வலையோ சிங்கி இறால் கூண்டோ கிடக்கிறது என்று கேளுங்கள். அண்ணே என்று கூப்பிட்டுக் கேட்டால் வழி மட்டுமில்லை, எந்தக் கல் வழுக்கும் என்பதுவரை வரும். பாறையடியில் சிப்பி எடுக்க மூழ்குபவர்களும் உண்டு. வீசுவதற்கு முன் கீழே தலை எதுவும் மிதக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம்.

சாளையில் பாதியை உடனே உப்புப் போடுங்கள். முள் நீக்கி இரண்டாகப் பிளந்து, மூன்று பங்கு மீனுக்கு ஒரு பங்கு கல்லுப்பு வீதம் அடுக்கடுக்காகத் தூவி, ஓட்டை போட்ட டப்பாவில் தண்ணீர் வடிய விடுங்கள். மறுநாள் தோல் மாதிரி இறுகிவிடும். புதுச் சாளை வாசனையில் கெட்டி, முள்ளில் நிற்பதில் மோசம்; பாறை அலை இரண்டே அடியில் உரித்துவிடும். கணவாயை சுண்டு விரல் அகலத்தில், விரல் நீளப் பட்டையாக வெட்டி முனையில் ஒரே ஒரு குத்துக் குத்துங்கள். பட்டை தண்ணீரில் ஆட வேண்டும். சுருட்டிக் குத்தினால் அது பந்தாகிவிடும்.

இனி சாமான். ராட் 9 முதல் 10 அடி, 30–60 கிராம் வீசக்கூடியது. ரீல் 5000 அளவு. 30 பவுண்டு பிரெய்ட் (பல இழை பின்னிய நூல்), அதன் நுனியில் 50 பவுண்டு தங்கூஸ் (ஒற்றை இழை நரம்பு) ஒன்றரை மீட்டர். பிரெய்ட் கல்லில் உரசினால் நூல் மாதிரி அறுந்துவிடும்; தங்கூஸ் தாக்குப்பிடிக்கும், அதனால்தான் இந்த ஒட்டு. இரண்டையும் சேர்க்கும் முடிச்சை வீட்டில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து இருபது தடவை போட்டுப் பழகுங்கள். காற்றில், ஈரக் கையோடு, பாறையில் கற்றுக்கொள்ள முடியாது.

பாறையில் மீனைவிட அதிகம் பிடிபடுவது பாறைதான். சிக்கும் பொருள் பெரும்பாலும் ஈயம். அதனால் ஈயத்தை மட்டும் இழக்கும்படி கட்டுங்கள்: தங்கூஸின் நுனியில் மூன்று வளையச் சுழலி, ஒரு வளையத்தில் 40 செ.மீ. நீளத்தில் 3/0 வட்ட முள். இன்னொன்றில் 12 பவுண்டு மெல்லிய நரம்பு 30 செ.மீ., அதன் முனையில் 40 கிராம் ஈயம். சிக்கினால் மெல்லிய நரம்பு அறும், முள்ளும் மீனும் திரும்பி வரும். இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. மணலில் வீசுவதுபோல உடம்பைச் சுழற்றி ஓங்கி வீசினால் அந்த மெல்லிய நரம்பு வீச்சிலேயே அறுந்து, ஈயம் கவண்கல்லாகப் பறக்கும். பாறையில் ஆழம் காலடியிலேயே இருக்கிறது. 20–30 மீட்டர் மெதுவாக எறிந்தால் போதும். கலவா இருப்பதும் அந்த இடுக்குகளில்தான். நூறு மீட்டர் வீசினால் அவற்றைத் தாண்டி மணலில் போட்டு, நீலாங்கரையில் பிடித்த கெளுத்தியையே முட்டத்திலும் பிடிப்பீர்கள்.

சிக்கினால் ராடை வளைத்து இழுக்காதீர்கள். ராடை நூலோடு நேராக நீட்டி, நூலை ஒரு கட்டையில் நாலு சுற்றுச் சுற்றி, முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னால் நகருங்கள். கையில் சுற்றினால் பிரெய்ட் எலும்புவரை வெட்டும். முகத்தைத் திருப்பாவிட்டால், விடுபட்ட ஈயம் வந்த வழியே திரும்பி வரும்.

கலவா கடித்தால் முதல் மூன்று நொடிதான் சண்டை. டிராகை (ரீலில் நூல் ஓடுவதைத் தடுக்கும் பிரேக்) முன்பே இறுக்கமாக, நூலின் தாங்குதிறனில் மூன்றில் ஒரு பங்கில் வைத்து, கடித்த உடனே மேலே தூக்கிவிட வேண்டும். பொந்துக்குள் போய்ச் செவுளை விரித்துக்கொண்டால் அசையாது. அப்படிப் போய்விட்டால் நூலைத் தளர்த்தி ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். சில சமயம் தானே வெளியே வரும். பாறை மீன் அதற்கு நேரெதிர், வெளிக்கடலை நோக்கி ஓடும், விட்டுப் பிடிக்கலாம். அதற்கு விடியலிலும் அந்தியிலும் 30–40 கிராம் மெட்டல் ஜிக் (மீன் வடிவ உலோகப் போலி இரை) நல்லது. ஜனவரி கடைசியில் அங்கே சூரிய உதயம் 6:40 வாக்கில், அஸ்தமனம் 6:25 வாக்கில். கடைசி அரை மணியில்தான் மீன் கடிக்கும் என்பது உண்மை. ஆனாலும் அஸ்தமனத்தின்போது நீங்கள் பாறையில் அல்ல, பாதையில் இருக்க வேண்டும்.

பெரிய மீன் வந்தால் அதை எடுக்க ஒருவரும் கீழே இறங்கக் கூடாது. பாறை விபத்துகள் பல நடப்பது இந்த நிமிடத்தில். எல்லோர் கண்ணும் மீன்மேல், அலைமேல் ஒருவர் கண்ணும் இல்லை. அடுத்த அலை ஏறும்போது ராடை உயர்த்திக்கொண்டே பின்னால் நடந்தால், அலையே மீனைத் தூக்கிக் கல்மேல் வைத்துவிடும். மூன்று பேர் போவது இதற்கு வசதி: ஒருவர் மீன், ஒருவர் நீள்கைப்பிடி வலை, ஒருவர் கடல்.

மூவரும் லைஃப் ஜாக்கெட் போட வேண்டும், பையில் வைத்திருந்தால் போதாது. குதிகால் மூடிய ரப்பர் அடி ஷூ போடுங்கள், செருப்பு வேண்டாம். எந்த ஷூவை நம்பியும் பாசிக் கல்லில் கால் வைக்காதீர்கள். இருபது மீட்டர் கயிற்றின் முனையில் ஐந்து லிட்டர் கேனைக் கட்டி, கால்வாசித் தண்ணீர் ஊற்றி மூடி வையுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பிவிடும். இது வீசிய இடத்தில் விழும், விழுந்தவர் பிடித்து மிதக்கலாம். தவறி விழுந்தவர் விழுந்த இடத்திலேயே ஏறப் பார்க்கக் கூடாது, அடுத்த அலை கொட்டலசில் தேய்த்துவிடும். பாறையை விட்டு விலகி நீந்தி மிதந்துகொண்டு உதவிக்குக் காத்திருக்க வேண்டும். மேலே இருப்பவர்கள் குதிக்காமல் கேனை வீசிவிட்டு 1554 கடலோரக் காவல்படையையும், 1093 கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தையும் அழைக்க வேண்டும்.

பிடிபடுபவற்றில் இரண்டில் கவனம். ஓரா மீனின் முதுகு முள், கெளுத்தியின் பக்க முள் இரண்டிலும் விஷம் உண்டு. குத்தினால் தாங்கக்கூடிய சூட்டில், 45 டிகிரிக்கு மிகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் வைத்தால் வலி இறங்கும். பிளாஸ்கில் வெந்நீர் டீக்கு மட்டுமல்ல. சூட்டைக் குத்துப்படாத கையால் பார்க்கவும். ஊதிப் பெரிதாகும் பேத்தையை யார் என்ன சொன்னாலும் சமைக்காதீர்கள்.

இனி நீங்கள் கேட்ட ஈயம். இரண்டு நாளைக்கு ஆளுக்குப் பத்து என்றால் மூவருக்கு முப்பது. 40 கிராம் வீதம் 1.2 கிலோ. இத்தனை ஈயத்தைக் கடலில் விட மனம் வராவிட்டால், பழைய ஸ்பார்க் பிளக் மெக்கானிக் கடையில் சும்மாவே கிடைக்கும். எடையும் கிட்டத்தட்ட அதேதான்.