கேள்வி-பதில்: அந்தக் காசு கோபுரத்துக்குக் கொடுத்தது

கேள்வி: கோடை விடுமுறைக்குப் பாரிஸ் போயிருந்தோம். ஒரு வேளையாவது பிரெஞ்சுக்காரர்கள் சாப்பிடுகிற இடத்தில் சாப்பிடலாமே என்று, இரவு எட்டரை மணிக்கு ஈஃபில் கோபுரம் தெரிகிற ஒரு பிஸ்ட்ரோவில், அதாவது சின்ன உணவகத்தில், உட்கார்ந்தோம். நான் சைவம், முட்டை மட்டும் உண்டு. கணவர் மாடு, பன்றி தொடமாட்டார். எனக்கு வந்த சாலட்டில் பன்றிக்கறித் துண்டுகள் கிடந்ததால் அதை அப்படியே வைத்துவிட்டேன். பில் 109 யூரோ, டிப்ஸ் 16. பசியோடு அறைக்கு வந்து, ஊரிலிருந்து கொண்டுபோன முறுக்கைத் தின்றுவிட்டுப் படுத்தோம். பிரெஞ்சுச் சாப்பாடு என்பதே நடுத்தரக் குடும்பத்தை மொட்டை அடிக்கிற வேலைதானே? பில் நகலை இணைத்திருக்கிறேன். - ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பில்லையும் சேர்த்து அனுப்பியதற்கு நன்றி. இந்தப் பக்கத்துக்குக் கோபமாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் கோபத்தை மட்டும்தான் அனுப்புவார்கள். உங்கள் பில்லை வரி வரியாகப் பார்த்தேன். மொட்டை அடித்தவர் என்று யாரும் அதில் தென்படவில்லை. தலையை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறீர்கள்.

தண்ணீர் இரண்டு பாட்டில், 14 யூரோ. பிரான்சில் சாப்பாட்டோடு ரொட்டியும் குழாய்த் தண்ணீரும் இலவசம். கடைக்காரரின் தாராள மனசு என்று நினைக்க வேண்டாம், 1967-ஆம் வருஷத்து அரசாணை. 2022 ஜனவரியிலிருந்து, தண்ணீர் இலவசமாகக் கிடைக்கும் என்பதை வாடிக்கையாளர் கண்ணில் படும்படி எழுதிவைக்க வேண்டும் என்றும் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நீங்கள் ‘வாட்டர்’ என்று சொன்னால் பாட்டில்தான் வரும். ‘யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே’ என்று கேட்டால் ஒரு கண்ணாடிக் கூஜாவில் குழாய்த் தண்ணீர் வரும். ஆறு சொல்லுக்கு 14 யூரோ என்றால் மனப்பாடம் செய்யலாம்.

டிப்ஸ் 16 யூரோ. அங்கே பில்லில் போட்டிருக்கும் விலையிலேயே சேவைக் கட்டணம் அடக்கம். பிரெஞ்சுக்காரர் மனசு குளிர்ந்தால் ஒன்றிரண்டு நாணயத்தை மேஜையில் விட்டுப்போவார், அவ்வளவுதான். 15 சதவீதம் என்பது அமெரிக்கப் பழக்கம். கோலா 6 யூரோ. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

ஆக, உங்கள் கையைவிட்டுப் போன 125-இல் 36 யூரோ போயே இருக்க வேண்டாம். மீதி 89 யூரோவுக்கு வருகிறேன். இரண்டு முன்னுணவு 26, வாத்துக்கால் ஒன்றும் காளான் ரிசோட்டோ ஒன்றும் 52, சாக்லெட் கேக் 11. அந்த இடத்துக்கு, அந்த நேரத்துக்கு இது நியாயமான விலைதான். நீங்கள் சாப்பாட்டுக்கு மட்டுமா கொடுத்தீர்கள்? ஜன்னல் வழியாகத் தெரிந்த கோபுரத்துக்கும் சேர்த்துத்தான் கொடுத்தீர்கள். கோபுரத்தைக் கீழே நின்று அண்ணாந்து பார்க்கக் காசு கிடையாது.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட கேள்விக்குப் பதில் சொல்கிறேன். பிஸ்ட்ரோவுக்குப் பகலில் போக வேண்டும். பன்னிரண்டு மணிக்குப் போக வேண்டும்.

வாசலில் ஒரு சிலேட்டுப் பலகை இருக்கும். அதற்குப் பெயரே ‘ஆர்துவாஸ்’, அதாவது சிலேட்டு. சாக்கட்டியில் கிறுக்கலாக இன்றைய சாப்பாடு எழுதியிருக்கும். ‘பிளா து ஜூர்’ என்றால் இன்றைய பதார்த்தம். ‘ஃபோர்முல்’ என்றால் அந்தப் பதார்த்தத்தோடு ஒரு முன்னுணவோ ஒரு இனிப்போ சேர்த்து ஒரே விலை. பாரிசில் இது சாதாரணமாக 17 யூரோவிலிருந்து 22 யூரோ வரை இருக்கும். அதே கடையில் இரவில் தனித்தனியாகச் சொன்னால் இரண்டு மடங்கைத் தொடும். ஒரு சிறு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். பிரெஞ்சில் ‘மெனு’ என்றால் பட்டியல் அல்ல, மொத்த விலைச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் ‘கார்ட்’. ‘ஆந்த்ரே’ என்றால் முதலில் வருகிற சின்னத் தட்டு. அமெரிக்காக்காரர்கள் அதையே முக்கிய உணவுக்கு வைத்துக்கொண்டு நம்மையும் குழப்பிவிட்டார்கள்.

பகலில் மட்டும் ஏன் மலிவு? நம்மூர் மெஸ்ஸில் சாப்பிட்டவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இன்றைக்கு என்ன குழம்பு என்பதை மெஸ்காரர் முடிவு செய்கிறார், நாம் அல்ல. பிஸ்ட்ரோவிலும் அப்படித்தான். காலையில் சந்தையில் எது சல்லிசாகக் கிடைத்ததோ, நேற்று எது மிஞ்சியதோ, அது ஒரு பெரிய பாத்திரத்தில் ஏறும். வெள்ளைக் குழம்பில் வெந்த கன்றுக்கறி, உப்புப் பன்றிக்கறி போட்ட பருப்பு, உருளைக்கிழங்கு மசியலுக்கு அடியில் ஒளித்துவைத்த கொத்துக்கறி. எல்லாம் முன்கூட்டியே வெந்து காத்திருக்கிற பண்டங்கள். சொன்ன ஐந்து நிமிஷத்தில் தட்டு வந்துவிடும், ஒரு மணி நேரத்தில் மேஜை காலியாகிவிடும், வீணாவதும் குறைவு.

இதற்குப் பின்னால் சட்டமும் இருக்கிறது. வேலை செய்கிற இடத்திலேயே உட்கார்ந்து தொழிலாளி சாப்பிடுவதை முதலாளி அனுமதிக்கக் கூடாது என்று பிரெஞ்சுத் தொழிலாளர் சட்டம் சொல்கிறது. கொரோனா சமயத்தில், 2021-இல், தற்காலிகமாகத் தளர்த்த வேண்டி வந்தபோதுதான் இப்படி ஒரு விதி இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. சோற்று மூட்டையை மேஜையில் பிரிக்க முடியாதவர் வெளியே வந்துதானே ஆக வேண்டும்? அவர் கையில் சாப்பாட்டுச் சீட்டும் இருக்கும். 1967 முதல் நடப்பில் உள்ள ஏற்பாடு. சீட்டின் மதிப்பில் பாதிக்குக் குறையாமல், அறுபது சதவீதம் வரை முதலாளி கொடுக்கிறார், மீதி தொழிலாளி சம்பளத்தில் பிடித்தம். 2022 அக்டோபரில் ஒரு நாள் செலவு உச்சவரம்பை 25 யூரோவாக உயர்த்தினார்கள். சிலேட்டில் எழுதிய விலைகள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேயே நிற்பது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஆக, பகல் பிஸ்ட்ரோ சுற்றுலாப் பயணிக்காக ஏற்பட்டது அல்ல. பக்கத்து அலுவலகத்துக் கணக்கருக்காகவும், எதிர்த்த சாலையில் குழாய் பதிக்கிறவருக்காகவும் ஏற்பட்டது. அவர்களுக்கு நடுவே ஒரு ஓரமாக நீங்களும் உட்காரலாம், யாரும் தடுக்கமாட்டார்கள். உள்ளே நுழையும்போது ‘போன்ஜூர்’ சொல்லிவிடுங்கள். சொல்லாதவரை அங்கே மரியாதை தெரியாதவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் பில். நீங்கள் கேட்காமல் கொண்டுவரமாட்டார்கள். அதை அலட்சியம் என்று நினைத்துக் கொதிக்க வேண்டாம், கேட்காமல் பில்லை நீட்டுவது அங்கே எழுந்து போ என்பதற்குச் சமம்.

இரண்டரைக்கு மேல் போனால் கதவு சாத்தியிருக்கும். என்னையே ஒரு கடையில் இரண்டே காலுக்குத் திருப்பி அனுப்பினார்கள். உள்ளே பாதி மேஜை காலி. கெஞ்சிப் பார்த்தேன். ‘சமையலறை மூடியாச்சு’ என்று ஒரே வார்த்தை. அன்று என் மதியச் சாப்பாடு ஒரு முழு பாகெத் ரொட்டி, நடந்துகொண்டே.

நேரம் தவறுகிறவர்களுக்குப் ‘புயோன்’ என்று ஒரு வகைக் கடை இருக்கிறது. 1850-களில் பியேர் லூயி துவால் என்ற கசாப்புக்காரர், பழைய லெ ஆல் சந்தைத் தொழிலாளிகளுக்காக, விலைபோகாத கறியைக் கொதிக்கவைத்து ரசமாக விற்றதில் தொடங்கியது. அந்த ரசத்தின் பெயர்தான் கடைக்கும். 1896-இல் தொடங்கிய ஷார்த்தியே இன்றும் ஃபோபூர் மோன்மார்த்ர் தெருவில் நடக்கிறது. ஆர்டரைக் காகித மேஜைவிரிப்பிலேயே எழுதி, அதிலேயே கூட்டிப் பில் போடுவார்கள். அன்றாடம் வருகிறவர்கள் தங்கள் துடைப்புத்துணியை வைத்துப்போன எண்ணிட்ட இழுப்பறைகளைச் சுவரில் இன்னும் பார்க்கலாம். வரிசையில் நிற்க வேண்டும், பக்கத்து மேஜைக்காரர் முழங்கை இடிக்கும். ஆனால் பகலும் இரவும் ஒரே விலை. அவித்த முட்டைமேல் மயோனெய்ஸ் ஊற்றியது சுமார் 3 யூரோ.

உங்கள் சைவத்துக்கு வருகிறேன். இங்கேதான் உங்கள் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. சிலேட்டில் இரண்டே பதார்த்தம் இருந்தால் இரண்டும் கறியாகவோ ஒன்று மீனாகவோ இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு. சாலட்டில் தூவுகிற ‘லார்தோன்’ என்ற பன்றித் துண்டை, நாம் கடுகு தாளிப்பதைப் போல, யாரும் தனியாக ஒரு பொருளாக நினைப்பதில்லை. வெங்காய சூப் பெரும்பாலும் மாட்டெலும்புச் சாற்றில்தான் கொதிக்கும். ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் சொன்னால் சில இடங்களில் மீன் வரும். ‘சான் வியான்த், சான் லார்தோன், சான் புவாசோன்’ என்று கறி, பன்றித் துண்டு, மீன் மூன்றையும் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். அப்படியும் தோதுப்படவில்லை என்றால் மோன்பர்னாஸ் ரயில் நிலையப் பக்கம் போங்கள். பிரான்சின் மேற்கே உள்ள பிரித்தானி மாகாணத்து ரயில்கள் வந்து நிற்கிற இடம் என்பதால் அந்த மாகாணத்துக்காரர்களின் கிரெப் கடைகள் அங்கே வரிசையாக இருக்கின்றன. கோதுமையல்லாத ஒரு கருப்பு மாவில் தோசை போல வார்த்து, முட்டையும் சீஸும் வைத்து மடித்துக் கொடுப்பார்கள். ஹாம் வேண்டாம் என்று மட்டும் சொல்ல மறக்காதீர்கள்.

‘மொட்டை அடிக்கிற வேலை’ என்ற உங்கள் வார்த்தைக்கு இன்னொரு பதிலும் இருக்கிறது. பாரிசின் பழைய பிஸ்ட்ரோக்களில் பலவற்றை நடத்தியவர்கள் பாரிஸ்காரர்களே அல்ல. ஓவெர்ன் மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்து, தண்ணீர் சுமந்து, கரி விற்று, கரிக்கடையின் ஒரு மூலையில் ஒயின் ஊற்றத் தொடங்கியவர்கள். இன்று அதே சமையலறைகளில் ஆப்பிரிக்காவின் மாலி நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள், யாழ்ப்பாணத்துக்காரர்களும் இருக்கிறார்கள். ‘கோப்பை கழுவுதல்’ என்று ஈழத்தவர் சொல்கிறார்களே, அந்த வேலையில் தொடங்கி அடுப்பு வரைக்கும் வந்தவர்கள் எத்தனையோ பேர். 2008-இல் ஆவணமில்லாத தொழிலாளிகள் பாரிஸ் உணவகங்களில் வேலைநிறுத்தம் செய்தபோதுதான், அந்த நகரம் தன் சமையலறைக் கதவைத் திறந்து பார்த்தது. 19 யூரோ சாப்பாட்டை மலிவு என்று நான் பாராட்டும்போது, அந்தக் கணக்கில் யாருடைய கூலி குறைகிறது என்ற கேள்வி எனக்கும் உறுத்தாமல் இல்லை. ஆனால் உங்கள் 109 யூரோ பில்லிலும் அந்தக் கூலி கூடியிருக்காது.

சரி, அடுத்த முறை போகும்போது கோபுரத்துக்கு முதுகைக் காட்டி இருபது நிமிஷம் நடங்கள். ஆறு மொழியில், படம் போட்டு, பிளாஸ்டிக் உறை மாட்டிய பட்டியல் வைத்திருக்கும் கடையைத் தாண்டிப் போங்கள். வாசலில் நின்று உங்களைக் கூப்பிடுகிறவர் இருந்தால் இன்னும் வேகமாகத் தாண்டுங்கள். கடையிலேயே சமைத்ததுதானா என்று சந்தேகம் வந்தால், கூரை போட்ட வாணலிப் படம் ஒன்று பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயே சமைத்தது என்பதற்கு 2014-இல் வந்த அடையாளம் அது. இருவர் பசியாறி, காபியும் குடித்து, 45 யூரோவுக்குள் எழுந்துவிடலாம்.

முறுக்கை மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். பகலில் பன்னிரண்டரைக்குச் சாப்பிட்டவருக்கு மாலை ஆறு மணிக்கெல்லாம் பசிக்கும். அங்கே இரவுச் சாப்பாட்டுக்கு ஏழு, ஏழரைக்கு முன்னால் அடுப்பு பற்றவைக்கமாட்டார்கள்.