சிறுவயதுப் புற்றுநோய் குணமாகிப் பல வருடம் ஆன பிறகும் செக்கப் தேவையா?

மகனுக்கு ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சை முடிந்து 5 வருடம் ஆகிவிட்டது, இப்போது 14 வயது, நன்றாக ஓடியாடுகிறான், இன்னும் எதற்கு வருடா வருடம் வரச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். சிறுவயதில் அதே நோயிலிருந்து மீண்டவள் நான். இன்றும் செக்கப் போகிறேன்.

5 வருடம் தாண்டினால் நோய் திரும்பும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். இனி டாக்டர்கள் முக்கியமாகப் பார்ப்பது சிகிச்சையின் பின்விளைவுகளை. கீமோவில் ஏற்றிய அந்தச் சிவப்பு மருந்து நினைவிருக்கிறதா? டாக்ஸோரூபிசின், டானோரூபிசின் இரண்டுமே அந்த வகை. உயிரைக் காப்பாற்றும் மருந்துதான், ஆனால் இதயத் தசையைப் பலவீனமாக்கக்கூடியது. அது தெரியவரப் பல வருடம் ஆகலாம். ஆரம்பத்தில் மூச்சுவாங்கல்கூட இருக்காது, எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்தால்தான் பிடிபடும். இந்த மருந்து உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு மொத்தம் 250 மில்லிகிராமோ அதற்கு மேலோ ஏறியிருந்தால் 2 வருடத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பது வழக்கம். அளவு குறைவென்றால் இடைவெளி கூடும்.

அதனால் உங்கள் முதல் வேலை, சிகிச்சைச் சுருக்கத்தை எழுத்தில் வாங்குவது. டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு, கதிர்வீச்சு கொடுத்தார்களா, எந்த இடத்தில், எவ்வளவு என்று எல்லாம் இருக்க வேண்டும். தலைக்குக் கதிர்வீச்சு போயிருந்தால் வளர்ச்சி ஹார்மோனையும் படிப்பையும் கவனிப்பார்கள், கழுத்துக்கு என்றால் தைராய்டு. சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து போட்ட பிள்ளைகளுக்குக் காது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சொன்ன டெஸ்ட் உங்கள் மகனுக்குத் தேவைப்படாமலே போகலாம்.

இன்னொன்று, பலரும் தள்ளிப்போடுவது: அவனிடம் முழுதாகச் சொல்லிவிடுங்கள். "ஏதோ காய்ச்சல் வந்தது" என்று மறைத்து வளர்க்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் போன பிறகு புது டாக்டர் கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. 14 வயதுக்கு இது தாங்கும். டாக்டரிடம் கொஞ்ச நேரம் தனியாகப் பேச விடுங்கள். எதிர்காலத்தில் குழந்தை பிறக்குமா என்ற கேள்வியை அம்மா அப்பா முன்னால் எந்தப் பையனும் கேட்கமாட்டான். சைக்ளோபாஸ்பமைடு போன்ற மருந்து போயிருந்தால் அந்தக் கேள்விக்கு அர்த்தம் உண்டு. அளவைப் பார்த்துத்தான் பதில் சொல்வார்கள், தேவைப்பட்டால் பின்னாளில் விந்துப் பரிசோதனை செய்து பார்க்கலாம்.

அப்புறம் சிகரெட் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். மருந்து பட்ட இதயத்துக்கு அது இரட்டைச் சுமை.