பாதையில் ஏறும்போது உதறும் ஸ்கூட்டி: வாசகர் கேள்வி-பதில்

இந்த முறை கிளச் பற்றிய கேள்விகளே அதிகம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்த பிறகு, மூதூர்ப் பக்கம் போகிறவர்கள் பாதைக்கு (ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றித் தண்ணீரைக் கடக்கும் மிதவைக்கு) காத்து நிற்பது படிப்படியாகக் குறைந்துவிட்டது. ஆனாலும் வேறு ஊர்களில் வேலை செய்யும் நம்மவர்கள் இன்னும் பாதையில் ஸ்கூட்டி ஏற்றுகிறார்கள்.

கேள்வி: நான் திருகோணமலை. மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் படிப்பிக்கிறேன். பாதையின் பலகையில் முன்சில்லு ஏறியவுடன் என் ஸ்கூட்டி உதறுகிறது. கிளச் போய்விட்டதா?

அவசரப்பட்டு மாற்றிவிடாதீர்கள் ரீச்சர். உங்கள் ஸ்கூட்டியில் கையால் பிடிக்கும் கிளச் இல்லை. பின்சில்லுப் பக்கத்து மூடிக்குள் ஷூக்கள், அதாவது உராய்ந்து பிடிக்கும் கட்டைகள், சுழல்கின்றன. எஞ்சின் வேகம் கூடும்போது அவை ஸ்பிரிங்கின் இழுவையை மீறி விரிந்து, சுற்றியுள்ள பெல் என்கிற கிண்ணம்போன்ற உலோக மூடியைப் பிடிக்கும். அரைகுறையாகப் பிடிக்கிற அந்தக் கட்டத்தில்தான் ஷூ உரசுகிறது, சூடாகிறது.

பாதையில் என்ன நடக்கிறது? முன்னால் ஒரு ஆட்டோ நகராமல் நிற்கிறது. நீங்கள் சரிவில் பிரேக்கை விட்டுவிட்டு, பின்னால் உருளாமலிருக்க அக்சிலேட்டரைக் கொஞ்சம் முறுக்கியே நிற்கிறீர்கள். வண்டி அசையாது, உள்ளே ஷூ தேய்ந்துகொண்டே இருக்கும். மூடியைக் கழற்றினால் ஷூவின் முகம் கறுத்துக் கண்ணாடிபோலப் பளபளக்கும். பெல்லின் உட்பக்கத்தில் நீலம் பாய்ந்த தழும்பு இருக்கும். அந்தப் பளபளப்புத்தான் உதறலுக்குக் காரணம்: ஒழுங்காகப் பிடிக்காமல் விட்டுவிட்டுப் பிடிக்கிறது.

ஷூவையும் பெல்லின் உட்பக்கத்தையும் சாண்ட் பேப்பரால் இலேசாக உரசித் துடைத்தால் பல வண்டிகள் சரியாகிவிடும். தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள், மூச்சுக்குக் கூடாது; ஈரத் துணியால் துடைக்கச் சொல்லுங்கள். ஷூவின் தடிப்பு 2 மில்லிமீற்றருக்கு வந்துவிட்டால் உரசிப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும். பெல் நீள்வட்டமாகியிருந்தால் புது ஷூ போட்டாலும் உதறல் திரும்பி வரும். இதைப் பார்க்காமல் ஷூவை மட்டும் மாற்றிக் காசு வாங்குவது எனக்குப் பிடிக்காத வேலை.

இனி ஏற்றும் முறை. பின்னால் இருப்பவர் இறங்கட்டும். பலகை முழுதாகக் காலியாகும்வரை கீழே சமதரையில் பிரேக் பிடித்து நில்லுங்கள். பிறகு நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஏறுங்கள். நடுவில் நிற்க நேர்ந்தால் இரண்டு பிரேக்கும், அக்சிலேட்டர் பூச்சியம். தள்ளி ஏற்றுவதென்றால் எஞ்சினை அணைத்துவிடுங்கள். ஓடும் எஞ்சினோடு தள்ளும்போது கை தவறி முறுக்கினால் வண்டி பாய்ந்து தண்ணீருக்குள் போய்விடும். பாதை நிறைந்திருந்தால் அடுத்ததற்கு நில்லுங்கள். 2021 நவம்பர் 23இல் குறிஞ்சாக்கேணியில் பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளையும் இழந்த ஊர் நாம். பத்து நிமிடம் பிந்தினால் ஒன்றும் குறையாது.

கேள்வி: நண்பர்கள் கூட்டமாக நிலாவெளி போய்விட்டு, திரும்பி வந்து கோணேசர் கோயில் ஏற்றத்தில் ஏறினோம். கடைசியாக வந்த என் ஸ்கூட்டியில் மட்டும் எரிந்த மணம். ஏன் தம்பிமாருக்கு இல்லை?

கடைசியில் வந்ததால்தான். முன்னால் போகிறவர் கொஞ்சம் மெதுவாக்கினால், கடைசி ஆள் நின்றே போகவேண்டி வரும். அப்புறம் விட்டதைப் பிடிக்க முறுக்குகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் ஷூ முதலிலிருந்து பிடிக்கவேண்டும். பின்னால் ஒருவர், மேலே ஏற்றம் என்றால் கேட்கவே வேண்டாம்.

பாரம் கூடிய, சிசி குறைந்த வண்டியை முன்னால் விடுங்கள். அதன் வேகமே கூட்டத்தின் வேகம். ஏற்றத்தில் ஒருவர் பாதிக்கு மேல் போனபிறகு அடுத்தவர் தொடங்கட்டும். மணம் வந்துவிட்டால் நின்று ஆறவிட்டு, பிறகு சமதரையில் 40 கிலோமீற்றர் வேகத்தில் சீராக ஓடுங்கள். ஷூ முழுதாகப் பிடித்து ஓடும்போது உரசலும் இல்லை, உள்ளே விசிறி காற்றும் அனுப்பும்.

கேள்வி: பாதையிலிருந்து இறங்கும்போது ஸ்கூட்டி தானாக ஓடுகிறது. பழுதா?

பழுதில்லை. அக்சிலேட்டரை விட்டு வேகம் குறைந்தால் ஷூ பெல்லை விட்டுவிடும், பிறகு எஞ்சின் வண்டியைப் பிடிக்காது. இரண்டு பிரேக்கையும் மெதுவாகச் சேர்த்துப் பிடித்து இறங்குங்கள். ஈரப் பலகையில் முன் பிரேக்கை மட்டும் அமுக்கினால் விழுந்துவிடுவீர்கள்.

கேள்வி: அப்பாவின் பழைய வெஸ்பா பிஎக்ஸ். கிளச் பிடித்தும் முதல் கியரில் முன்னால் இழுக்கிறது, நியூட்ரலும் விழுவதில்லை.

முதலில் கேபிள். கைப்பிடியில் சுமார் 2 மில்லிமீற்றர் தளர்வு இருக்கட்டும். அதைவிடக் கூடினால் கிளச் முழுதாக விலகாது, தளர்வே இல்லையென்றால் வழுக்கும். பிறகு கியர் ஒயில். இதற்கு எஸ்ஏஇ 30 போதும். உராய்வைக் குறைக்கும் மருந்து கலந்த கார் ஒயில் வேண்டாம், இது ஒயிலில் நனைந்து ஓடும் கிளச். இரண்டும் சரியாக இருந்தும் இழுத்தால் கிளச் தட்டுகளைக் கழற்றிப் பாருங்கள். அதுவரை கூட்டத்துக்குள் முதல் கியரில் போட்டபடி நிற்காதீர்கள். ஒருநாள் முன்னால் நிற்பவரின் காலில் ஏறிவிடும்.

கேள்வி: வள்ளத்தில் கொண்டுவரும்போது கடல் தண்ணீர் பட்டது. இப்போது கீச்சிடுகிறது.

எஞ்சினின் சுழற்சியைப் பின்பக்கக் கிளச்சுக்குக் கொண்டுபோகும் பெல்ட் நனைந்திருக்கும். நல்ல தண்ணீரால் வெளியைக் கழுவி, மூடியைக் கழற்றித் துடைத்துக் காயவிடுங்கள். பெல்லில் துரு ஏறியிருந்தால் அதையும் உரசி எடுங்கள். சத்தம் நிற்கட்டும் என்று பெல்ட்டில் ஒயிலோ கிரீஸோ மட்டும் பூசிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பெல்ட்டையே மாற்றவேண்டி வரும்.