ஒரே ஒரு ஃப்ளாஷ் போதும்

கேள்வி: வீட்டில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு அறை காலியாக இருக்கிறது. அதில் குழந்தைகளையும் குடும்பங்களையும் படமெடுக்க ஆசை. கேமரா இருக்கிறது. கடையில் மூன்று லைட் உள்ள செட்டை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். முதலில் ஒரு ஸ்பீட்லைட் (கேமரா மேல் மாட்டும் சிறிய ஃப்ளாஷ்) வாங்குங்கள், மேனுவலாகப் பவரைக் கூட்டிக் குறைக்க முடிந்தால் போதும். அதோடு ரேடியோ ட்ரிக்கர் (தள்ளி நிற்கும் ஃப்ளாஷை வயரில்லாமல் மின்ன வைப்பது), லைட் ஸ்டாண்ட், குடை மாட்டும் பிராக்கெட், வெளிச்சத்தைப் பரப்ப 40 அங்குலத்துக்குக் குறையாத வெள்ளைக் குடை. குழந்தைகள் ஓடும் இடம் என்பதால் ஸ்டாண்டின் காலில் மணல் மூட்டை கட்டாயம்.

நிழல் மென்மையாக விழுவதற்கும் வாட்ஸுக்கும் சம்பந்தமே இல்லை. முகத்திலிருந்து பார்த்தால் லைட் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு, அதனால் குடையை ஃப்ரேமுக்குள் வந்துவிடாத அளவுக்குக் கிட்டே தள்ளுங்கள். தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். இதை வைத்தே பின்னணியையும் மாற்றலாம்: முகம் லைட்டிலிருந்து 1 மீட்டர், சுவர் 3 மீட்டர் என்றால் சுவருக்கு நேராகப் போய்ச் சேர்வது ஒன்பதில் ஒரு பங்குதான், வெள்ளைச் சுவர்கூடச் சாம்பலாகத் தெரியும். முகத்தின் மறுபக்கம் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைச் சாய்த்து வைத்தால் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பும், இரண்டாவது லைட்டின் வேலை பாதி முடிந்தது.

ஒன்றை மட்டும் பாருங்கள், உங்கள் அறைச் சுவர் ரோஸ், பச்சை என்று இருந்தால் குடை வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பி முகத்தில் அந்த நிறத்தை ஏற்றிவிடும். லைட்டுக்குச் செலவழிக்கும் முன் வெள்ளை அடியுங்கள்!

கேள்வி: ஃப்ளாஷ் போட்டு எடுத்தால் படத்தின் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை விழுகிறது. ஃப்ளாஷ் கெட்டுவிட்டதா? (வாசகி, நாகர்கோவில்)

பதில்: ஃப்ளாஷ் நன்றாகத்தான் இருக்கும், ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். பெரும்பாலான கேமராக்களில் 1/200 அல்லது 1/250 நொடி வரைதான் ஷட்டர் முழுதாகத் திறந்திருக்கும், அதைத் தாண்டினால் ஷட்டரின் இரண்டு திரைகளில் முன்திரை திறந்துகொண்டு போகும்போதே பின்திரையும் மூடக் கிளம்பிவிடுவதால் ஃப்ளாஷ் மின்னும் அந்த நொடியில் சென்சாரின் ஒரு பகுதி மூடியிருக்கும். 1/160-இல் வையுங்கள், ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 5.6. அப்புறம் ஃப்ளாஷை அணைத்து ஒரு படம் எடுங்கள். கிட்டத்தட்ட இருட்டாக வந்தால் அறையின் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் சேராது, இனி தொந்தரவு செய்யாது. பிறகு ஃப்ளாஷைப் போட்டு, வெளிச்சம் போதாவிட்டால் பவரையோ அப்பர்ச்சரையோ மாற்றுங்கள், ஷட்டரைத் தொட வேண்டாம்.